பணியிடைப் பயிற்சியை ஒரு நாள் நடைப்பயணமாக நடத்த யோசனை. குமரியில் எந்த வழி சரிப்படும்?

கல்குளம் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். கல்குளம் வட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். குறுவள மையக் கூட்டத்தில், அதாவது பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற கூட்டத்தில், இந்த முறை ஒரு நாளை மட்டும் அறைக்குள் உட்கார்ந்து பிபிடி பார்க்காமல், வெளியே நடந்து உள்ளூர் வரலாறும் இயற்கையும் பார்த்து நடத்தலாம் என்று பேச்சு வந்தது. வந்த கையோடு “டீச்சரே, நீங்களே திட்டம் போட்டுக் கொடுத்துருங்க” என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

முப்பது பேர் அளவில் வருவார்கள். எல்லாப் பாடத்துக்காரர்களும் உண்டு. ஓய்வுபெற ஒன்றிரண்டு வருடம் இருப்பவர்களும் உண்டு, அதில் பாதிப் பேருக்கு முட்டு வலி. ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை. இப்போதைக்கு நான் எழுதி வைத்திருப்பது: காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, அங்கிருந்து உதயகிரிக் கோட்டை, அப்புறம் மாத்தூர் தொட்டிப்பாலம், மதியச் சாப்பாடு திற்பரப்பில், வரும் வழியில் திருநந்திக்கரை குகைக்கோயில், நேரம் இருந்தால் சிதறால் மலை. ஒரு வேன் பேசினால் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

இதைப் பயிற்சி என்று கணக்கில் காட்ட என்னவெல்லாம் செய்ய வேண்டும், கணக்கு டீச்சரும் அறிவியல் சாரும் “எங்களுக்கு இதில் என்ன இருக்கு” என்று கேட்டால் என்ன பதில் சொல்ல, சுற்றுலா போய்விட்டு வந்த மாதிரி ஆகாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள? இது மாதிரி நடத்தியவர்கள், போனவர்கள் யாராவது சொல்லுங்கள்.

தேரூர் கரை:

டீச்சர், கோபப்படாதீர்கள், இது நடைப்பயணம் இல்லை, வேன் பயணம். ஆறு இடம், ஒரு நாள். வேனில் இருந்து இறங்கி, ஒரு போட்டோ எடுத்து, “எல்லாரும் வந்தாச்சா, அந்த சார் எங்க போனாரு” என்று தலை எண்ணி ஏறுவதற்கே பாதி நாள் போய்விடும். ஒரே இடம் எடுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு நடையை முடியுங்கள். மதியத்துக்கு மேல் நிழலில் உட்கார்ந்து, பார்த்ததைப் பாடமாக மாற்றுகிற வேலை. அந்த மதிய வேலை இல்லை என்றால்தான் அது சுற்றுலா.

என் ஓட்டு தேரூர் குளத்துக்கு. என் ஊர் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. சுசீந்திரம்-தேரூர் நீர்நிலைகள் 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன, அதே வருடம்தான் வேம்பனூரும் சேர்ந்தது. நம் பிள்ளைகள் தேர்வில் ராம்சார் இடங்களை வரிசையாக ஒப்பிக்கிறார்கள். அதில் ஒன்று பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே தெரிகிற குளம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜனவரி கடைசி நல்ல சமயம். வலசைப் பறவைகள் திரும்பிப் போயிருக்காது, வயலில் கும்பப்பூ நெல் நிற்கும். கரையில் நடக்கும்போது எல்லாரும் சங்குவளை நாரையையும் கூழைக்கடாவையும்தான் முதலில் காட்டுவார்கள், பெரிய உருவம், கண்ணில் படும். நீங்கள் அவர்களை இலைக்கோழியிடம் கொண்டு போங்கள். தாமரை இலை மேல் நடக்கும், உடம்பு ஒரு கவுதாரி அளவுதான், ஆனால் விரல்கள் உடம்புக்குப் பொருந்தாத நீளம். எடை பரவுவதால் இலை அமிழ்வதில்லை. அழுத்தம் என்றால் விசை கீழ் பரப்பளவு என்று கரும்பலகையில் எழுதுகிற அறிவியல் சாருக்கு அங்கேயே பாடம் கிடைத்துவிட்டது. இன்னொரு வேடிக்கை, புத்தகப் படத்தில் நீளவால் இலைக்கோழிக்கு வளைந்த நீண்ட வால் இருக்கும். ஜனவரியில் அந்த வாலைத் தேடினால் கிடைக்காது. இனப்பெருக்க காலத்தில் மட்டும்தான் அது வளரும். “படத்தில் இருக்கிற பறவை இது இல்லையே” என்று யாராவது ஒரு டீச்சர் சொல்வார், சொல்லட்டும், உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். கொஞ்ச நேரம் அவர்களே முட்டி மோதட்டும். அப்புறம் சொல்லுங்கள், இந்த இனத்தில் முட்டைக்கு அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் ஆண்தான் என்று. அந்தப் பேச்சு சாப்பாடு வரை ஓடும்.

கணக்கு டீச்சருக்கும் வேலை உண்டு. கூட்டமாக உட்கார்ந்திருக்கிற சிறகி வாத்துகளை ஒன்று ஒன்றாக எண்ண முடியாது. பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணால் அளந்து, அந்த அளவு மொத்தக் கூட்டத்தில் எத்தனை முறை வரும் என்று மதிப்பிட வேண்டும். ஆளுக்கொரு எண் எழுதி ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு விலகல் இருக்கிறது என்று தெரியும். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது, அதில் தன்னார்வலர்களும் இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

அப்புறம் குளத்தைப் பறவைக்காக மட்டும் பார்க்காதீர்கள். மடை எங்கே, மறுகால் எங்கே, மறுகால் பாய்ந்தால் தண்ணீர் அடுத்து எந்தக் குளத்துக்குப் போகும், பழையாறு எங்கே வருகிறது, மணக்குடியில் எப்படிக் கடலில் சேர்கிறது, இதை எல்லாம் கரையில் நின்று கையால் ஒரு படம் போடச் சொல்லுங்கள். கரையில் ஆடு மேய்க்கிறவர், வயலுக்குத் தண்ணீர் திருப்ப வருகிறவர் யாராவது கிடைப்பார்கள், அவரிடம் கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள். முப்பது ஆசிரியர்கள் ஒரு விவசாயியிடம் பாடம் கேட்பது நமக்கும் நல்லது.

தேரூர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பிறந்த ஊர். அவரும் நம்மை மாதிரி வாத்தியார்தான், குழந்தைப் பாட்டு எழுதியதோடு நிற்காமல் கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தவர். தமிழ் டீச்சர்களுக்கு அது போதும். மாவட்ட ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனமும் தேரூரில்தான் இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் மதியம் உட்கார ஒரு அறையும் கழிப்பறையும் கிடைக்கலாம்.

சனிக்கிழமைக் கைதி:

நல்ல யோசனைதான், ஆனால் நான் வேறு பக்கத்தில் இருந்து சொல்கிறேன். சனிக்கிழமைப் பயிற்சி என்றாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். போன முறை இப்படித்தான் ஒரு “களப்பயணம்” என்று கூட்டிப் போனார்கள். எந்த ஊர், யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. வருகைப் பதிவு போட ஒரு வரிசை, பேனர் பிடித்து போட்டோ எடுக்க ஒரு மணி நேரம், போட்டோவை அப்லோட் செய்ய நெட் வரவில்லை என்று அதற்கு ஒரு மணி நேரம். பேனரில் இருந்த எழுத்தைப் படித்ததுதான் அன்று நாங்கள் படித்தது. ஈடுசெய் விடுப்பு உண்டா என்று கேட்டால் “பார்க்கலாம்” என்றார்கள், இன்றைக்கும் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள்.

2020 தேசியக் கல்விக் கொள்கைத் தாளில் ஆசிரியருக்கு வருடம் 50 மணி நேரம் பணித்திறன் வளர்ச்சி என்று போட்டிருக்கிறது. நம் மாநிலம் அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, அது வேறு கதை. ஆனால் மணி நேரத்தை எண்ணுகிற புத்தி எல்லா இடத்திலும் ஒன்றுதான். எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று எண்ணுவார்கள், திங்கட்கிழமை வகுப்பில் என்ன மாறியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

அதனால் டீச்சர், நீங்கள் நடத்தினால் மூன்று விஷயத்தை முதலிலேயே வாயைத் திறந்து கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். அது பணி நாளாகக் கணக்கில் வருமா, ஈடுசெய் விடுப்பு உண்டா, வேன் வாடகை யார் கையில் இருந்து. கடைசிக் கேள்விக்குத்தான் எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள்.

இன்னொன்று, இதை ஆண்கள் யோசிப்பதே இல்லை: பெண்களுக்குக் கழிப்பறை. கழிப்பறை இல்லாத வழி என்றால் பாதிப் பேர் காலையில் இருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், பத்து மணிக்குத் தலைவலி, அப்புறம் இலைக்கோழி வால் நீளமா குட்டையா என்று எவள் பார்க்கப் போகிறாள்.

வட்டெழுத்து:

ஓய்வுபெற்ற தமிழாசிரியன். கைதி அம்மா சொன்னதில் நூற்றுக்கு நூறு உடன்பாடு, கழிப்பறையை முதலில் பார்த்துவிட்டுத்தான் வழியைத் தீர்மானிக்க வேண்டும். ஒரே இடம் என்று தேரூர்க்காரர் சொன்னதும் சரி. ஆனால் உங்கள் ஆட்கள் மேற்குப் பக்கத்துக்காரர்கள் என்றால் தேரூர் ஏன், பக்கத்தில் சிதறாலை வைத்துக்கொண்டு? உங்கள் பட்டியலில் அதைத்தான் “நேரம் இருந்தால்” என்று கடைசியில் தள்ளியிருக்கிறீர்கள், எனக்கு மனசு கேட்கவில்லை.

திருச்சாரணத்துமலை என்பது பழைய பெயர். கல் பாவிய பாதை, ஏற்றம் உண்டு, மெதுவாக ஏறினால் முட்டு வலிக்காரர்களும் பெரும்பாலும் ஏறிவிடுவார்கள், நடுவில் உட்கார இடம் உண்டு. ஏற முடியாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அவர்களுக்குக் கீழேயே ஒரு வேலை கொடுங்கள், அடிவாரத்து வீடுகளில் மலையைப் பற்றி என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதட்டும்.

மேலே போனால் ஒரு பெரிய பாறை தானாகவே கூரையாகக் கவிந்து நிற்கும். அதன் முகத்தில் வரிசையாகச் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள். தலைக்கு மேல் பாம்புப் படம் இருந்தால் பார்சுவநாதர். பக்கத்தில் சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்பவள் சமணப் பெண் தெய்வமான அம்பிகா இயக்கி. சமணப் பள்ளியாக இருந்தது பின்னாளில் பகவதி கோயில் ஆனது. உருவங்களை முதலில் ஆசிரியர்களே பார்க்கட்டும், பெயர் சொல்லாதீர்கள். “இவர் யார் என்று நினைக்கிறீர்கள், எதை வைத்து?” என்று மட்டும் கேளுங்கள். சிங்கத்தைப் பார்த்ததும் துர்க்கை என்பார்கள், உட்கார்ந்திருப்பவரைப் பார்த்ததும் புத்தர் என்பார்கள். அந்தப் பதில்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் பேசுங்கள். வகுப்பில் பிள்ளைகள் தப்பாகச் சொல்லும்போது நாம் எவ்வளவு அவசரமாகத் திருத்துகிறோம் என்பது அங்கே புரியும்.

அங்கே பழைய தமிழ் எழுத்து முறையான வட்டெழுத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பேராயக்குடி அரிட்டநேமி படாரரின் மாணவி குணந்தாங்கிக் குரத்திகள் என்பவர் திருச்சாரணத்துமலைப் படாரியாருக்குப் பொன் அணிகள் கொடுத்த செய்தி அதில் வருகிறது. குரத்தி என்றால் சமணத்தில் பெண் குரு. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் ஒரு பெண், தன் ஆசிரியர் யார் என்பதோடு சேர்த்துத் தன் பெயரைக் கல்லில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். முப்பது டீச்சர்கள் அதன் முன்னால் நிற்கும்போது நீங்கள் பெரிதாக விளக்கவே வேண்டாம்.

கல்வெட்டைப் படிக்க சாக்பீஸ் தேய்க்கிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. தயவுசெய்து கூடாது, மாவும் கூடாது, எண்ணெயும் கூடாது. அது தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள இடம், சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கல் கெட்டுப்போகும். செல்போன் டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், வெட்டுக்குள் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். காலைச் சாய்வெயிலும் அதே வேலையைச் செய்யும். வட்டெழுத்து அட்டவணை ஒன்றைப் பிரதி எடுத்து ஆளுக்கொன்று கொடுத்து, பத்து எழுத்தாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முழு வரி படிக்கவேண்டும் என்று இல்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிற ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படி முழிக்கும் என்று “எண்ணும் எழுத்தும்” திட்ட ஆசிரியர்களுக்கு அந்தப் பத்து எழுத்திலேயே தெரிந்துவிடும்.

ரப்பர் காடு:

குலசேகரம் பக்கம், அறிவியல் எடுக்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்தை யாரும் கண்டுகொள்ளவில்லையே!

பாசனத் தண்ணீரை ஆற்றுக்கு மேலே கொண்டு போக 1966இல் கட்டியது, பறளியாற்றுக்கு மேலே 28 தூண், உயரம் 115 அடி. வருகிறவர்கள் எல்லாம் மேலே நடந்து, கீழே பார்த்து, கிறுகிறுத்துப் போய் இறங்கிவிடுகிறார்கள். தொட்டிக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மோட்டார் இல்லாமல் எப்படி ஒரு மலையில் இருந்து இன்னொரு மலைக்குப் போகிறது, எவ்வளவு சரிவு வைத்தால் போதும் என்று கேட்டால் அது முழு நாள் பாடம். ஒரு இலையைத் தண்ணீரில் போட்டு, இருபது அடி போக எத்தனை நொடி என்று பார்த்தால் வேகம். தொட்டியின் அகலமும் தண்ணீரின் ஆழமும் தெரிந்தால் நொடிக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்கு டீச்சர் சொல்லிவிடுவார். ஆற்றுக்குக் கீழே இறங்கி நின்றால் தூணின் உயரத்தை நிழலை வைத்துக் கண்டுபிடிக்கலாம், ஒத்த முக்கோணம். விடை 115க்குப் பக்கத்தில் வருகிறதா பாருங்கள்.

கோதையாறு பாசனத்தில் ஜூன் முதல் பிப்ரவரி கடைசி வரைதான் தண்ணீர் விடுவார்கள். ஜனவரி என்றால் பெரும்பாலும் ஓடும், இருந்தாலும் போவதற்கு முன்னால் ஒரு தடவை விசாரியுங்கள். மார்ச் கழிந்து போனால் காய்ந்த தொட்டியைத்தான் பார்க்கலாம்.

ரப்பர் பால் வெட்டு பார்க்க வேண்டும் என்றால் விடியலிலேயே வரவேண்டும், வெயில் ஏறினால் பால் ஒழுகுவது குறைந்துவிடும். அரல்வாய்மொழியில் காற்றாடியும் பனையும், இங்கே ரப்பரும் கிராம்பும், நடுவில் நஞ்சை. ஒரே சின்ன மாவட்டத்துக்குள் இவ்வளவு மாற்றம் ஏன் என்று புவியியல் டீச்சர்கள் கேட்கவே கேட்பதில்லை, நான்தான் கேட்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சின்னவிளை:

கடற்கரை ஆட்களையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மணவாளக்குறிச்சி கருமணல்! 1909இல் ஷோம்பர்க் என்கிற ஜெர்மன் வேதியியலாளர் இங்கிருந்து போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்துத்தான் மோனசைட் என்கிற கனிமம் இங்கே இருப்பதைக் கண்டுபிடித்தார். கயிறு திரித்த நம் பாட்டிமாருக்கு அந்த மண் கையில் ஒட்டுகிற தொல்லை மட்டும்தான். ஒரு கை மணலை வெள்ளைத் தாளில் பரப்பி, நல்ல வலுவான காந்தத்தைத் தாளுக்கு அடியில் நகர்த்திப் பாருங்கள், கறுப்பு மணிகள் மட்டும் கூட்டமாக நகரும், வெள்ளை மணல் அசையாது. பார்த்து முடிந்ததும் மணலை அங்கேயே கொட்டிவிட்டு வாருங்கள், பள்ளி ஆய்வகத்துக்கு என்று அள்ளிக்கொண்டு வரவேண்டாம்.

மூணாறு மீடியம்:

எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்து ஒரு குரல். மூணாறில் தமிழ் மீடியம் பள்ளியில் இருக்கிறேன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தாத்தா காலத்தில் எஸ்டேட்டுக்கு வந்த குடும்பம். இங்கே எங்களுக்கு மே மாத அவதிக்காலப் பயிற்சி, அதாவது விடுமுறைப் பயிற்சி, உண்டு, நடுவில் கிளஸ்டர் கூட்டமும் உண்டு. நீங்கள் அனுபவிக்கிற பிபிடியை நாங்கள் மலையாளத்தில் அனுபவிக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஆட்கள் சிலர் சேர்ந்து, அதிகாரபூர்வமாக இல்லாமல் எங்கள் விருப்பத்துக்கு, மூணாறு டவுனிலேயே ஒரு நடை போனோம். இங்கே ஒரு காலத்தில் ரயில் ஓடியது. 1902இல் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாளமாகத் தொடங்கி, 1908இல் சின்ன ரயிலாக மாற்றினார்கள், குண்டளை வேலி ரயில் என்று பெயர். தேயிலை டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் போய், அங்கிருந்து கயிற்றுப் பாதையில் கொட்டகுடிக்கு இறங்கி போடிக்குப் போகும். 1924 வெள்ளத்தில், மலையாளிகள் 99 வெள்ளம் என்பார்களே, கொல்லம் ஆண்டு 1099, அதில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பக் கட்டவே இல்லை. பழைய ஸ்டேஷன் கட்டிடம் இப்போது டீ கம்பெனி அலுவலகம்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஸ்டேஷன் கட்டிடத்தின் முன்னால் நின்று, “இங்கே ரயில் ஓடியது என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்த்து அதை நிரூபிக்க முடியுமா” என்று கேட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் போகச் சொன்னோம். ஒருவர் கட்டிடத்தின் அமைப்பைப் பிடித்துக்கொண்டார், ஒருவர் ஊர்ப் பெயர்களைப் பிடித்துக்கொண்டார், டாப் ஸ்டேஷன் என்று ஒரு ஊருக்கு ஏன் பெயர் என்று. இன்னொருவர் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கடைக்காரரின் கதையைக் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார், அதில் பாதி நம்பும்படி இல்லை. அந்த நம்ப முடியாத பாதியை வைத்துத்தான் அன்று மத்தியானம் நல்ல வாக்குவாதம் நடந்தது. வரலாற்றுப் பாடம் எடுக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

உங்கள் பத்மநாபபுரத்திலும் இதைச் செய்யலாம் டீச்சர். அங்கே தரையைக் காட்டி முட்டை வெள்ளைக்கரு, சிரட்டைக்கரி என்று வழிகாட்டி ஒரு பட்டியல் சொல்வார். சரி, அது எப்படித் தெரியும், யார் எழுதி வைத்தார்கள், சோதித்துப் பார்த்தார்களா என்று ஆசிரியர்கள் கேட்டுப் பழகட்டும். வழிகாட்டியைச் சங்கடப்படுத்தாமல் கேட்க வேண்டும், அவருக்கும் அது பிழைப்பு.

கல்குளம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. படிக்கப் படிக்க என் ஆறு இடம் ஐந்தாகி, மூன்றாகி, இப்போது ஒன்றில் வந்து நிற்கிறது. வட்டெழுத்து ஐயா, சிதறால்தான். தேரூர் சாருக்கு வருத்தம் இருக்கும், அடுத்த ஜனவரிக்கு உங்கள் குளத்தை எழுதி வைத்துவிட்டேன்.

எங்கள் மையத்தில் ஒரு சார், சிதறால் எதற்கு, பக்கத்தில் இருக்கிற உதயகிரிக் கோட்டையே போதுமே என்கிறார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. டிலனாய் கல்லறை அங்கேதான். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனித் தளபதி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் படைக்கே பயிற்சியாளராகி, 1777இல் இங்கேயே இறந்து, லத்தீனிலும் தமிழிலும் கல்வெட்டு வைத்துப் புதைக்கப்பட்டிருக்கிறார். சமதரை, முட்டு வலிக்காரர்களுக்குத் தோது, வனத்துறைப் பூங்காவாக இருப்பதால் மரமும் நிழலும் உண்டு. சிதறால் ஏற முடியாதவர்கள் அதிகம் என்றால் அதற்கு மாறிவிடலாமா என்று யோசனை. இல்லை, இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழு அங்கே, ஒரு குழு இங்கே, மதியம் ஒன்றாகக் கூடி ஒருவருக்கொருவர் சொல்ல வைக்கலாமா?

பணி நாள், ஈடுசெய் விடுப்பு இரண்டையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். வேன் வாடகைக்கு, கைதி டீச்சர் சொன்ன மாதிரியே, வானத்தைப் பார்த்தார்கள்.

வட்டெழுத்து:

இரண்டு குழு நல்ல யோசனை. ஒரு குழு பார்த்ததை மற்றக் குழு பார்க்கவில்லை என்பதால் சொல்கிறவருக்குப் பொறுப்பு வரும், கேட்கிறவர் உண்மையாகவே கேள்வி கேட்பார். எல்லாரும் ஒன்றையே பார்த்துவிட்டு வந்து “குழு ஒன்று அறிக்கை, குழு இரண்டு அறிக்கை” என்று வாசிக்கிற கொடுமை இருக்காது. ஆனால் பேசுவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அதைக் குறைத்து இன்னொரு இடத்தைச் சேர்க்க யாராவது வருவார்கள், சேர்க்காதீர்கள். அரண்மனையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்பார்கள். அது திங்கட்கிழமை தவிர மற்ற நாள் திறந்துதான் இருக்கும், கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும், எங்கேயும் ஓடிவிடாது.

வேனுக்கு ஏன் பணம்? மார்த்தாண்டம் வரை பஸ், அங்கிருந்து ஆட்டோவில் பங்கு போட்டுப் போகலாம். உதயகிரிக்குத் தக்கலையில் இறங்கினால் போதும்.

தேரூர் கரை:

வருத்தம் எல்லாம் இல்லை. சிதறால் மேலே பாறைக்குக் கீழே ஒரு சுனை இருக்கிறது, அதைச் சுற்றித் தட்டான்களைப் பாருங்கள். பாறை இடுக்கில் என்ன செடி முளைத்திருக்கிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள், கல்வெட்டுக்காரர்கள் அதை எல்லாம் மிதித்துக்கொண்டு போவார்கள். எங்கள் பள்ளி இயற்கை மன்றத்தில் பைனாகுலர் கொஞ்சம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை யாராவது வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை காலை மணி அடிப்பதற்குள் திரும்ப வரவேண்டும். போன தடவை ஒருவர் மூடியைத் தொலைத்துவிட்டார்.

சனிக்கிழமைக் கைதி:

சிதறால் அடிவாரத்தில் கழிப்பறை திறந்திருக்கிறதா, சாவி யாரிடம் என்று யாராவது ஒரு நாள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து இங்கே போடுங்கள். அப்புறம் பேனர் அடிக்கிறீர்களா?

கல்குளம் டீச்சர்:

நானே வியாழக்கிழமை பள்ளி விட்டதும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பேனர் இல்லை. போட்டோ கட்டாயம் வேண்டுமாம், அதனால் நடை முடிந்து, மதியம் ஆளாளுக்கு வரைந்த படத்தையும் கண்டுபிடித்த எழுத்தையும் மேசையில் பரப்பி, அதை எடுத்து அனுப்பப் போகிறேன். முகம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.